அடிச்செட்டை பூட்டுறதா, விடுறதா?

உவர்மலைத்தச்சன் | ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுப் பின்வளவு ஷெட்டுக்குள்ள ரெண்டு வருசமா நான் ரெண்டு சீட் விமானம் ஒண்டு கட்டுறது இங்க சிலபேருக்குத் தெரியும். மேல்சிறகு, முன்சில்லு, ரோட்டாக்ஸ் 912, 100 குதிரைவலு. முழுக்க அலுமினியத் தகடும் ரிவெட்டும். கிட் கம்பனியின்ர பேரைக் கேக்காதேங்கோ, பிறகு கதை அந்தப் பக்கம் போயிடும். பறக்கவிடுற அனுமதி சிவில் விமான அதிகாரசபையோட, அதுக்கு வேற இழை திறக்கிறன். இங்க வாலை மட்டும் பாப்பம்.

பிரச்சினை இதுதான். வால்குழாயின்ர அடித்தகடு இன்னும் மூடேல்ல. வரைபடக் கட்டில கடைசித் தாள் ஒரு அடிச்செட்டை. வாலுக்குக் கீழ தொங்குற சின்ன நிலைக்குத்துத் தகடு, 0.18 சதுர மீற்றர், 1.4 கிலோ. சுறாவின்ர முதுகுச் செட்டையைத் தலைகீழாப் பூட்டின மாதிரி. தாளில ஒரே ஒரு வசனம்: மிதவை பூட்டுவோருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது, மற்றவர்க்கு விருப்பம். மிதவை எண்டால் தண்ணியில இறங்கச் சில்லுக்குப் பதிலாப் பூட்டுறது. ஏன், எதுக்கு எண்டு தாளில ஒண்டுமில்லை.

இப்ப நான் சில்லிலதான் பறக்கப் போறன். ஆனா திருகோணமலை உட்துறைமுகத்தைப் பாத்துக்கொண்டு வளந்தவனுக்கு மிதவை ஆசை வராமல் இருக்குமோ? அடித்தகட்டை மூடினால் பிறகு உள்ளுக்குக் கை போகாது. ஷெட்டின்ர ஒரு பக்கம் வெறும் படங்கு. வாடைக்காத்தும் மழையும் தொடங்கமுன்னம் மூடியாக வேணும். பூட்டுறதா, விடுறதா?

ரொறன்ரோக்குளிர் | ஞாயிறு, இரவு 10.02

பூட்டு மச்சான். இதில யோசிக்க என்ன கிடக்கு? நான் இங்க ஒண்டாரியோவில மிதவை விமானம் பழகினவன். மிதவை பூட்டின பீவர், செஸ்னா 185 மாதிரிச் சின்ன விமானங்களில பெரும்பாலும் வாலுக்குக் கீழ செட்டை தொங்கும், இல்லாட்டிக் கிடைவாலின்ர ரெண்டு நுனியிலயும் குட்டிச் செட்டை நிக்கும். அது இல்லாமல் பறந்தால் மூக்கு ஒரு இடத்தில நிக்காது, நாய் மோப்பம் பிடிச்ச மாதிரித் தேடித் திரியும். நேரா நிக்கிற விமானம் கூடாதெண்டு ஆர் சொல்லுவினம்? 1.4 கிலோ சாமானுக்கு ஏன் கணக்குப் பாக்கிறாய்?

சும்மாபாப்பம் | ஞாயிறு, இரவு 10.20

பூட்டினால் வடிவாயிருக்கும். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

சீனன்குடாஓய்வு | திங்கள், காலை 6.15

தம்பி, வடிவுக்குப் பூட்டின சாமானைக் கழட்டின அனுபவம் எனக்கு நிறைய இருக்கு. 24 வருசம் விமானங்களோட கிடந்தவன், ஓட்டினவனில்லை, திருத்தினவன்.

ரொறன்ரோத் தம்பி சொன்னது மிதவைக்குச் சரி. காரணத்தைச் சொல்லாமல் விட்டுட்டார். செங்குத்து வாலின்ர வேலை அம்புக்குச் செட்டை செய்யிற வேலை. ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால கிடக்கிற பக்கப் பரப்பு மூக்கைக் காத்துக்கு நேராத் திருப்பும், முன்னால கிடக்கிற பரப்பு மூக்கை விலத்தித் தள்ளும். மிதவை ரெண்டும் முன்னால நீட்டிக்கொண்டு நிக்கும். முன்பரப்புக் கூடினால் பின்பரப்பையும் கூட்ட வேணும். அந்தச் செட்டை மிதவையின்ர கடனை அடைக்கத்தான் வருது. கடன் வாங்காதவன் ஏன் வட்டி கட்டுறான்?

ஆகவே என்ர கேள்வி வேற. சில்லில நிக்கிற உங்கட விமானத்துக்கு இப்ப இருக்கிற வால் காணுமோ காணாதோ? அளவுகளைப் போடுங்கோ.

உவர்மலைத்தச்சன் | திங்கள், இரவு 8.40

ஐயா, இதோ. சிறகுப் பரப்பு 13.5 சதுர மீற்றர், சிறகின்ர நீளம் நுனிக்கு நுனி 9.2 மீற்றர். செங்குத்து வால் சுக்கானோட சேத்து 1.15 சதுர மீற்றர். ஈர்ப்பு மையத்தில இருந்து அதுக்கு 4.1 மீற்றர். அடிச்செட்டை நடுவுக்கு 3.9 மீற்றர்.

கம்பஸ்பொடியன் | திங்கள், இரவு 9.25

அண்ணை, வால் காணுமோ எண்டு பாக்க, வால் பரப்பையும் தூரத்தையும் பெருக்கி, அதைச் சிறகுப் பரப்பு தர சிறகு நீளத்தால பிரிக்க வேணும். 4.715 ஐ 124.2 ஆல பிரிச்சால் 0.038. ஒற்றை இயந்திரச் சின்ன விமானத்துக்கும் வீட்டில கட்டுறதுக்கும் பாடப்புத்தகங்கள் 0.04 எண்டுதான் தொடங்கச் சொல்லுது. கிளைடருக்கு 0.02 காணும். அடிச்செட்டையோட உங்கட கணக்கு 0.0436 க்கு ஏறும்.

அதாவது இல்லாமலும் பிழையில்லை, இருந்தாலும் பிழையில்லை. இந்தக் கணக்கு முன்பக்கத்தைப் பாக்கவே பாக்காது எண்டதையும் நினைவில வைச்சிருங்கோ. மூக்கு எவ்வளவு நீளம், புரொப்பெல்லர் எவ்வளவு பெரிசு, ஒண்டும் அதுக்குள்ள இல்லை. ஈர்ப்பு மையத்துக்கு முன்னால சுத்துற புரொப்பெல்லரும் மூக்கை விலத்தத்தான் பாக்கும்.

இன்னொண்டு. விமானம் பக்கமாச் சறுக்கேக்க மேல நிக்கிற வால் சிறகை நிமித்த உதவி செய்யும். கீழ தொங்குறது எதிர்ப்பக்கமா உருட்டும். உங்கட மேல்சிறகுக்கு நிமித்துற குணம் தாராளமாக் கிடக்கு, ஆனபடியால் இதைப் பெரிசா எடுக்கத் தேவையில்லை. ஆனா மேல 0.18 கூட்டுறதும் கீழ 0.18 கூட்டுறதும் ஒண்டில்லை.

மூதூர்க்கரை | திங்கள், இரவு 10.05

இந்தச் செட்டை விமானம் விழாமல் காக்கிறதெண்டு கேள்விப்பட்டன். ரெண்டாம் உலக யுத்தக் காலத்து மஸ்டாங் சண்டை விமானத்துக்கும் பிறகுதானே செட்டை வைச்சவை? அப்ப தேவையில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?

சீனன்குடாஓய்வு | செவ்வாய், காலை 6.05

தம்பி, அது முதுகுச்செட்டை. வாலின்ர முன்னடியில, உடம்புக்கு மேல சரிவா ஓடி வாறது. இது அடிச்செட்டை. ரெண்டையும் குழப்பினால் தச்சன் முதுகில ஓட்டை போடப் போறார்.

மஸ்டாங் பி-51டி யில என்ன நடந்தது எண்டால், சுத்திப் பாக்கக் குமிழ்க் கண்ணாடி வைக்கப் பின்முதுகை வெட்டித் தாழ்த்தினார்கள். பின்பரப்புக் குறைஞ்சது, வால் தள்ளாடினது. பிறகுதான் முதுகுச்செட்டை வந்தது.

அதுக்கு முந்தின கதையைக் கேளுங்கோ. 1939 மார்ச் 18, அமெரிக்காவின்ர வாஷிங்டன் மாநிலத்தில போயிங் 307 பயணிகள் விமானம் ஒண்டு சோதனைப் பறப்பில சுழண்டு விழுந்தது. உள்ளுக்கிருந்த 10 பேரும் போயிட்டினம். பிறகு வாலை மாத்தி நீளமான முதுகுச்செட்டை வைச்சார்கள். அந்த மாதிரி வால்தான் பி-17ஈ குண்டுவிமானத்துக்கும் போனது.

விமானம் கனக்கச் சறுக்கினால் செங்குத்து வாலைத் தழுவிப் போற காத்து பிரிஞ்சு போகும். அப்ப சுக்கான் தானாப் போய் ஓரத்தில முட்டும், காத்து அதை அங்கயே அமத்தி வைச்சிருக்கும். காலால மிதிச்சாலும் லேசில வராது. முதுகுச்செட்டை ஒரு சுழல்காத்தைக் கிளப்பி, காத்து பிரியிற கோணத்தைத் தள்ளிப்போடும். அடிச்செட்டைக்குப் பேர்போன வேலை வேற: விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு சுழலேக்க, கிடைவாலின்ர நிழல் மேல்வாலை மூடிப்போடும். கீழ இருக்கிறதுக்கு மட்டும் சுத்தமான காத்துக் கிடைக்கும். ஆனா உங்கட விமானத்தைச் சுழலவிட்டுப் பாக்கிற எண்ணம் இருந்தால் இப்பவே விட்டுடுங்கோ.

ரொறன்ரோக்குளிர் | செவ்வாய், மாலை 5.30

ஐயா சொல்லுறதைப் பாத்தாலும் கூட இருந்தால் நல்லம் எண்டுதானே வருது?

கிண்ணியாஃபைபர் | செவ்வாய், இரவு 8.15

நான் விமானம் தொட்டவனில்ல. ஃபைபர் போட்டு அச்சில எடுக்கிறவன். வாசிச்சுக்கொண்டு போகேக்க வாய் சும்மா இருக்கேலாமப் போச்சு.

கூட இருந்தா நல்லம் எண்டு ஏராவுக்குச் சொல்ல ஏலாது தம்பி. ஏரா எண்டா படகின்ர அடியில நீளத்துக்கு ஓடுற கட்டை. ஒருக்கா ஒரு ஆள் படகு நேரா ஓடவேணும் எண்டு கடையாலில, பின்பக்கம், ஏராவ ஒரு சாண் ஆழமாக் கேட்டாரு. சொன்னன், கேக்கல்ல. செஞ்சு குடுத்தன். நேராத்தான் ஓடிச்சி. வலை வளைக்கத் திருப்பினாத் திரும்பல்ல. மூணாம் நாள் கொண்டுவந்து வாளால அறுக்கச் சொன்னாரு. சுக்கான் திருப்பப் பாக்கும், ஏரா விடமாட்டன் எண்டு நிக்கும். உங்கட செட்டை சுக்கானில்ல, ஏரா. அத யோசிங்க.

பூட்டுறதெண்டா இன்னொண்டு. தகட்டில மட்டும் பூட்டிராதீங்க. பக்கத்தில இருந்து வாற அடி முழுக்க அடியிலதான் இறங்கும். ரெண்டு வங்குக்கு, அதாவது உள்சட்டத்துக்குக் குறுக்கால பலகை வெச்சு அதில பிடிக்கோணும். வெறும் தோலில பிடிச்சா ஆறு மாசத்தில மயிர்க்கோடு ஓடும்.

கம்பஸ்பொடியன் | செவ்வாய், இரவு 9.00

கிண்ணியாக் காக்கா (அண்ணை) சொன்னது நூத்துக்கு நூறு. கணக்கும் போட்டன். 100 நொட் வேகத்தில செட்டை பக்கக் காத்தை முழுசா வாங்கினால் கிட்டத்தட்ட 30 கிலோ பக்கமாத் தள்ளும். 130 நொட் எண்டால் 50 கிலோ. அதோட ஒண்டரை மடங்கு பாதுகாப்புச் சேருங்கோ. ஒரு ஆள் செட்டையில ஏறி நிண்ட மாதிரி. 0.6 மில்லிமீற்றர்த் தோல் தாங்காது, உள்ளுக்கு இரட்டைத்தகடு, அதாவது தோலோட சேத்துப் பூட்டுற இன்னொரு தகடு வேணும்.

சுக்கான் கதையும் உண்மை. ஓடுபாதைக்குக் குறுக்கால காத்தடிச்சால் இறங்கேக்க விமானத்தைக் கொஞ்சம் சறுக்கவிட்டுத்தான் நேராக்க வேணும். பின்செட்டை கூடினால் மூக்கு காத்துப் பக்கம் திரும்பத் துடிக்கும், அதை மறிக்கச் சுக்கானைக் கூட மிதிக்க வேணும். மிதி முடியிற இடத்திலதான் உங்கட குறுக்குக்காத்து எல்லையும் முடியும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில பின்னேரம் கடற்கரைப் பக்கம் நிண்டு பாத்தவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உவர்மலைத்தச்சன் | புதன், இரவு 11.30

இண்டைக்கு வேலை முடிஞ்சு வந்து ஒரு காரியம் செய்தன். பிரிட்ஜ் வந்த காட்போட் மட்டையில செட்டையைத் தாளில இருக்கிற அளவுக்கே வெட்டி, மாஸ்க்கிங் டேப்பால வாலடியில ஒட்டினன். 28 சென்ரிமீற்றர் கீழ தொங்குது. தூர நிண்டு பாக்க நல்ல வடிவு, சும்மாபாப்பத்துக்குச் சந்தோசமாயிருக்கும்.

பிறகு மகளைக் கூப்பிட்டு மூக்குப் பக்கம் நிக்கச் சொல்லிப்போட்டு, வாலின்ர ரெண்டு பக்கமும் பிடிச்சு மெதுவா அமத்தினன். முன்சில்லு எழும்பிச்சுது. இன்னும் கொஞ்சம் அமத்த, மகள் சத்தம் போட்டா, "அப்பா, நிப்பாட்டுங்கோ, மட்டை மடியுது!"

நிப்பாட்டிப்போட்டு அளந்தன். பின்சில்லு நிலத்தில தொடுற இடத்தில இருந்து செட்டையின்ர பின்மூலைக்கு 3.9 மீற்றர். வாலடி நிலத்தில இருந்து 95 சென்ரிமீற்றர். செட்டை இல்லாமல் விமானம் 13.7 பாகைக்கு மூக்கைத் தூக்கலாம். செட்டையோட 67 சென்ரிமீற்றர்தான் மிச்சம், 9.8 பாகையில நிலத்தில தட்டும். கையேட்டில மெதுவா இறங்கேக்க மூக்கு 11, 12 பாகை எண்டு கிடக்கு.

மூலையைச் சரிவா வெட்டினால் என்ன எண்டு பாத்தன். 12 அரைப் பாகைக்குத் தப்பவேணுமெண்டால் பின்மூலையில 8 சென்ரிமீற்றர்தான் மிஞ்சும். அது செட்டை இல்லை, கீறல்.

ரொறன்ரோ மச்சான், மிதவை விமானத்தில இந்தப் பிரச்சினை வராதது ஏன் எண்டு இப்பதான் விளங்குது. மிதவையில அது உயரத்தில நிக்குது.

ரொறன்ரோக்குளிர் | வியாழன், காலை 7.10

சரி, தோத்துட்டன். நாங்கள் ஒருநாளும் சில்லோட அந்தச் செட்டையைப் பாத்ததில்லை, அதைப் பற்றி யோசிச்சதுமில்லை. மட்டையை வெட்டிப் பாக்க வேணும் எண்டு உனக்குத் தோணினதே பெரிய விசயம்.

ஆனா மிதவை ஆசை உனக்குப் போகாது. எனக்கு உன்னைத் தெரியும். அடித்தகட்டை மூடிப்போட்டு அஞ்சு வருசத்தில திருப்பிப் பிளக்கப் போறாய்.

சீனன்குடாஓய்வு | வியாழன், காலை 8.40

ஆசையைக் குறை சொல்லாதேங்கோ. எங்கட துறைமுகத்தில 1942 இலயே நெதர்லாந்துக்காரரின்ர 321 ஆவது ஸ்குவாட்ரன் கட்டலினாப் பறக்கும் படகோட நிண்டது. தண்ணியில இறங்கிறது இந்த ஊருக்குப் புதுசில்லை.

பிளக்கத் தேவையில்லை. கிண்ணியாத் தம்பி சொன்ன பலகையை, அதாவது இரட்டைத்தகட்டை, இப்ப உள்ளுக்கு ரெண்டு சட்டத்துக்குக் குறுக்கால ரிவெட் பண்ணுங்கோ. அதில நட்பிளேற், அதாவது ஸ்குரு பிடிக்க உள்ளுக்கு நிரந்தரமாப் பூட்டுற நட், வைச்சுத் துளையை விடுங்கோ. தகட்டை மூடுங்கோ. வெளியில துளைகளுக்குக் குட்டி ஸ்குரு போட்டு அடைச்சிடலாம். செட்டையைச் செய்து சுவரில தொங்கவிடுங்கோ. மிதவை வாற அண்டைக்கு அரை மணித்தியால வேலை.

நிறையைக் கவனியுங்கோ. 540 கிலோ விமானத்தில 1.4 கிலோவை 3.9 மீற்றர் பின்னால வைச்சால் ஈர்ப்பு மையம் 10 மில்லிமீற்றர் பின்னுக்குப் போகும். பெரிசில்லை. ஆனா அதை நிறைத்தாளில செட்டையோட ஒண்டு, செட்டை இல்லாமல் ஒண்டு எண்டு ரெண்டு வரியா எழுதி வையுங்கோ. அதை ஈடுசெய்ய 6 கிலோ பற்றரியை 90 சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ள வேண்டி வரும், அதுக்கு இடம் இருக்கோ எண்டு இப்பவே பாக்கலாம்.

சும்மாபாப்பம் | வியாழன், பகல் 12.30

அப்ப வடிவு?

சீனன்குடாஓய்வு | வியாழன், பகல் 12.50

சுவரில தொங்கேக்க பாத்துக்கொள்ளுங்கோ.

மூதூர்க்கரை | வியாழன், இரவு 7.45

செட்டை இல்லாமல் முதல் பறக்கேக்க வால் காணுது எண்டு எப்பிடித் தெரியும்? கணக்கு 0.038 எண்டுது, காத்துக்குக் கணக்குத் தெரியாதே.

கம்பஸ்பொடியன் | வியாழன், இரவு 8.30

நல்ல கேள்வி. உயரத்தில, அமைதியான விடியக் காத்தில, பழகின சோதனை விமானியோட செய்யிற வேலை. ஒரே திசையைப் பிடிச்சுக்கொண்டு ஒரு பக்கம் சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமா மிதிச்சு, எதிர்ப்பக்கம் சிறகைச் சரிக்கிறது. மிதிக்க மிதிக்கக் கால் பாரமாகிக்கொண்டு போனால் வால் உயிரோட இருக்கு. ஒரு இடத்துக்குப் பிறகு கால் திடீரெண்டு லேசானால் உடன நிப்பாட்டிப்போட்டு இறங்குங்கோ, ஐயா சொன்ன சுக்கான் முட்டுற கதையின்ர முதல் பக்கம் அது. பிறகு காலை எடுத்தால் மூக்கு தானாத் திரும்பி வரவேணும். சுக்கானை ஒருக்காத் தட்டிப்போட்டு மூக்கு எத்தினை தரம் ஆடி அடங்குது எண்டும் எண்ணலாம்.

மிதவை வந்தபிறகு செட்டையோட இதையெல்லாம் முதலில இருந்து செய்யவேணும். அது வேற விமானம்.

கிண்ணியாஃபைபர் | வியாழன், இரவு 9.20

ஒண்டு கேக்க மறந்திட்டன். வாலின்ர அடிதானே ஆகப் பள்ளம்? மழைத்தண்ணி வடியத் துளை எங்க?

உவர்மலைத்தச்சன் | வியாழன், இரவு 9.55

காக்கா, இப்ப டோர்ச்சோட போய்ப் பாத்துட்டு வாறன். துளை சரியா இரட்டைத்தகடு வாற இடத்தில! தகட்டை ரிவெட் பண்ணினால் துளை மூடுப்படும். எங்கட உப்புக்காத்தில அதுக்குள்ள தேங்குற தண்ணி அலுமினியத்தைத் தின்னும், மேல பாத்தால் ஒண்டும் தெரியாது. நட்பிளேற்றுக்கு எவர்சில்வர் ஸ்குருதான் வாங்கி வைச்சிருக்கிறன், அதுவும் அலுமினியமும் உப்போட சேந்தால் இன்னும் மோசம்.

கிண்ணியாஃபைபர் | வியாழன், இரவு 10.10

தகட்டிலயும் துளை எடுங்க, ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு வாற மாதிரி. செட்டையின்ர அடியும் அதில குந்தப்படாது. நாங்க போட்டில இதுக்குத்தான் முதல் அடி வாங்கினம்.

சீனன்குடாஓய்வு | வெள்ளி, காலை 6.20

ஸ்குருவைக் காய வைச்சுப் பூட்டாதேங்கோ, அரிப்பைத் தடுக்கிற சிங்க் குரோமேற் பிறைமர் பூச்சு ஈரமா இருக்கேக்கயே பூட்டுங்கோ. தகடும் தகடும் படுற முகத்துக்கும் அடியுங்கோ. கையுறை போடுங்கோ, மூக்கை மூடுங்கோ, அது நஞ்சு.

உவர்மலைத்தச்சன் | ஞாயிறு, மாலை 6.40

படம் போட்டிருக்கிறன். இரட்டைத்தகடு 1 மில்லிமீற்றர், ரெண்டு சட்டத்துக்குக் குறுக்கால. நாலு நட்பிளேற். வடிதுளையை 40 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளி ரெண்டு தகட்டிலயும் ஒண்டாத் துளைச்சிருக்கிறன். ஒரு சிரட்டை தண்ணி ஊத்திப் பாத்தன், ஒரு பக்கம் கொஞ்சம் தேங்கி நிக்குது. சட்டத்தின்ர மடிப்பு மறிக்குது போல. அடித்தகட்டை நாளைக்கு மூடுறதா இருந்தன், மூடேல்ல.

கிண்ணியாஃபைபர் | ஞாயிறு, இரவு 7.05

மடிப்பில ஒரு அரைவட்டம் அராவி விடுங்க. திருப்பித் தண்ணி ஊத்திப்போட்டுப் படம் போடுங்க. அதுவரைக்கும் மூட வேணாம்.